ஹெட்லைட் ஃபோகஸ்: ஸ்க்ரூவைத் திருப்பும் முன் தரையைப் பாருங்கள்

இரவில் எதிரே வரும் காரின் வெளிச்சம் கண்ணைக் குத்தினால், "பிரைட்டில் வருகிறான் பார்" என்று திட்டுவது நம் வழக்கம். பல சமயம் அந்தத் திட்டு நியாயமில்லாதது. அந்த ஆள் டிம்மில்தான் வருகிறார். அவருடைய டிம் வெளிச்சமே தூக்கிக்கொண்டு நிற்கிறது. இதைக் கண்டுபிடிக்க எங்கள் பக்கத்து லாரி ஓட்டுநர்கள் ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை பிரைட் அடித்துக் காட்டுவார்கள். எதிரே வருகிறவர் பதிலுக்கு ஒரு கணம் இன்னும் பெரிய வெளிச்சத்தைக் காட்டிவிட்டுப் பழைய வெளிச்சத்துக்கே திரும்பினால், அவர் டிம்மில் இருக்கிறார், ஃபோகஸ்தான் சரியில்லை என்று அர்த்தம்.

நாமக்கல்–சேலம் நெடுஞ்சாலையில் வேலை முடித்து இரவு வீடு திரும்புகிறவன் நான். நான்கு வழிச் சாலையின் நடுத்திட்டில் அரளிச் செடிகள் வளர்ந்து நிற்கும் வரை எதிர் வெளிச்சம் பெரிய தொல்லை இல்லை. செடி காய்ந்து போன இடங்களிலும், திருச்செங்கோடு, சேந்தமங்கலம் மாதிரி நடுத்திட்டே இல்லாத சாலைகளிலும்தான் விஷயம் வெளியே வரும். முன் பம்பரில் அடி வாங்கி, பட்டறையில் டிங்கர் வேலை பார்த்து, வலது பக்க ஹெட்லைட் டூமையும் (பல்பு மாட்டும் முழு விளக்குக் கூட்டையும்) புதிதாக மாற்றிக்கொண்டு வந்த பிறகு, எதிரே வருகிறவர்கள் எல்லாரும் எனக்குப் பிரைட் அடித்துக் காட்ட ஆரம்பித்தார்கள். நானும் ஒரு கணம் பிரைட்டைக் காட்டிவிட்டு டிம்முக்கு வருவேன். அவர்கள் சமாதானம் ஆகவில்லை.

இதில் வேடிக்கை, ஓட்டுகிறவனுக்குக் குறை எதுவும் தெரியாது என்பதுதான். தூக்கிய ஃபோகஸ் ஓட்டுநருக்கு நல்ல வெளிச்சமாகவே படும். தூரத்துப் பலகை பளிச்சென்று தெரிகிறது, மரக்கிளை தெரிகிறது, "புது டூம் போட்டதும் லைட் அருமையாக இருக்கிறது" என்று தோன்றும். சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் புளியமரத்தில் விழுகிறது என்பது உறைக்காது. பக்கத்து வீட்டில் இருக்கும் அண்ணன் பல வருடம் லாரி ஓட்டியவர். ஒருநாள் இரவு நான் தெருவுக்குள் திரும்பும்போது திண்ணையிலிருந்து கையை நெற்றியில் வைத்துப் பார்த்தவர், "தம்பி, வலது லைட் வானத்தைப் பார்க்கிறது. நீ டிம்மில் வந்தாலும் ஒன்றுதான், பிரைட்டில் வந்தாலும் ஒன்றுதான்" என்றார்.

பட்டறைக்குத் திரும்பப் போயிருக்கலாம். போகாததற்குக் காரணம், அங்கே ஃபோகஸ் பார்க்கும் விதத்தை ஏற்கெனவே பார்த்திருந்தேன். வண்டியை ஷட்டருக்கு முன் நிறுத்தி, லைட்டைப் போட்டு, கண்ணால் பார்த்து, "சரியாக இருக்கிறது சார்" என்பார்கள். பெரிய சர்வீஸ் நிலையங்களில் தண்டவாளத்தில் நகரும் ஒரு பெட்டி உண்டு. அதன் லென்ஸ், பத்து மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பெட்டிக்குள்ளேயே காட்டும். அந்தக் கருவியால் செய்தால் நல்ல வேலைதான். அது இல்லாத இடத்தில் கண்ணால் பார்த்துச் சொல்வதைக் காட்டிலும், வீட்டில் டேப் வைத்து அளப்பது மேல்.

இன்னொன்றும் இருக்கிறது. லாரிக்கும் வாடகை வண்டிக்கும் எஃப்.சி. என்று தகுதிச் சான்றுக்கான சோதனை அவ்வப்போது உண்டு. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதுவரை விளக்கை யாரும் கேட்பதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 106ஆம் விதி முகப்பு விளக்கைப் பற்றிப் பேசுகிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஓர் ஆளுக்கு வெளிச்சம் கூசாதபடி தாழ்ந்திருக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் வலது விளக்கு அந்தச் சோதனையில் தேறியிருக்கும். எட்டு மீட்டரில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு இடுப்பைத் தாண்டாது. இன்னும் தள்ளிப் போனால்தான் அது எதிர்க் கார் ஓட்டுகிறவரின் கண்ணுக்கு ஏறும். ஆகவே சட்டத்தின் அளவுகோலை விடக் கடுமையான ஒன்று தேவை. அதற்குச் சுவர் போதும்.

செய்வதற்கு முன் டிம் வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர்க் கார்களில் பரவலாக இருப்பது எச்4 ஹாலஜன் பல்பு. ஒரே கண்ணாடிக் குப்பிக்குள் இரண்டு இழைகள்: டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். டிம் இழைக்குக் கீழே சின்னத் தகட்டுக் கிண்ணம் ஒன்று உண்டு. இழையிலிருந்து கீழ்ப்பக்கமாகப் போய், ரிஃப்ளெக்டரில் (பல்பைச் சுற்றியுள்ள வளைந்த பளபளப்புப் பரப்பில்) பட்டு மேல்நோக்கித் திரும்பும் ஒளியை அது மறைத்துவிடுகிறது. அதனால் சுவரில் விழும் வெளிச்சத்துக்கு மேலே கத்தியால் வெட்டியது போல ஒரு விளிம்பு கிடைக்கும். அதற்கு மேல் இருட்டு, கீழே வெளிச்சம். அந்த விளிம்பு முழுக்க நேர்க்கோடாக இருக்காது. வலது பாதி படுக்கையாக இருக்கும்; நடுவிலிருந்து இடது பாதி சுமார் 15 டிகிரி சாய்வில் மேலே ஏறும். நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். சாலையின் இடது ஓரத்தில் நடந்து போகிறவர், மைல்கல், பலகை எல்லாம் தெரிய வேண்டும், வலது பக்கம் எதிரே வருகிறவரின் கண் கூசக் கூடாது. படுக்கைக் கோடும் சாய்கோடும் சந்திக்கும் முனையைத்தான் சுவரில் தேட வேண்டும். ஏற்றம் வலது பக்கம் இருந்தால் அந்த டூம் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்தது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் டூம்களில் இதைப் பார்த்து வாங்க வேண்டும். எந்த ஸ்க்ரூவாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

விளிம்பு எவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டும் என்பதை டூமின் மேலேயோ போனட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயோ அச்சிட்டிருப்பார்கள். விளக்குப் படத்துக்குப் பக்கத்தில் 1.0% அல்லது 1.2% என்று இருக்கும். ஒரு சதவீதம் என்றால் பத்து மீட்டருக்குப் பத்து செ.மீ. தாழ்வு. தரையிலிருந்து 80 செ.மீ.க்குக் கீழே விளக்கு இருக்கும் கார்களுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை சதவீதம் வரைதான் தொடக்க அளவு. என் காரில் 1.2%. விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 68 செ.மீ. கணக்குப் போட்டால் வெளிச்சத்தின் விளிம்பு சுமார் 57 மீட்டரில் சாலையைத் தொடும்.

இப்போது சுவர். எங்கள் வீட்டுப் போர்டிகோ இருபது அடி. காரை விட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. சுவருக்கும் விளக்குக்கும் இடையே ஏழெட்டு மீட்டர் வேண்டும். மூன்று மீட்டரில் செய்தாலும் கணக்குச் சரிதான், ஆனால் அங்கே ஒரு செ.மீ. பிசகினால் சாலையில் அது பல மீட்டர் பிசகு. தெரு முனையில் ஒரு முட்டைக் குடோன் இருக்கிறது. முன்னால் நீளமான சிமென்ட் களம், எதிரே சுண்ணாம்பு அடித்த சுவர். உரிமையாளரிடம் கேட்டதும், சாயங்காலம் வண்டிகள் போன பிறகு வந்துகொள்ளச் சொல்லிவிட்டார். பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் மட்டம் பார்க்கும் டியூப்பைக் கேட்டேன்.

"டியூப் எதற்கு சார், சுவர் எழுப்பப் போகிறீர்களா?"

"இல்லை மேஸ்திரி, கார் லைட்டுக்கு."

எங்கே வைத்துப் பார்க்கப் போகிறேன் என்று கேட்டார். குடோன் களம் என்றதும் சிரித்தார். "அந்தத் தளம் நான் போட்டதுதான். மட்டமாக இருக்காது சார். மழைத் தண்ணீர் நிற்கக் கூடாது என்று பத்து அடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் விட்டிருக்கிறேன்."

பத்து அடிக்கு ஒரு அங்குலம் என்பது 0.83 சதவீதம். விளக்கு மொத்தமாகத் தாழ வேண்டியதே 1.2 சதவீதம்தான். கண்ணுக்கே தெரியாத தரைச் சரிவு அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிடும். வீட்டில் ஃபோகஸ் பார்க்கச் சொல்லித்தருகிற பலர் "மட்டமான தரையில் நிறுத்துங்கள்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். மட்டமான தரை நம் வீடுகளில் எங்கே இருக்கிறது? போர்டிகோ, மொட்டை மாடி, அடுக்ககத்தின் கார் நிறுத்தம் எல்லாமே தண்ணீர் ஓடுவதற்காக வாட்டம் விட்டுப் போடப்பட்டவை. தரை மட்டமில்லாததில் தவறில்லை. எவ்வளவு மட்டமில்லை என்று அளந்துவிட்டால் அதைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வேலையின் முக்கால் பங்கு இந்த அளவுதான். ஸ்க்ரூ திருப்புவது மிச்சம்.

மேஸ்திரியே சாயங்காலம் டியூப்போடு வந்துவிட்டார், வேடிக்கை பார்க்கும் ஆசை. தண்ணீர் நிரப்பிய டியூப்பை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, முனையிலிருந்து முனை வரை விரலை ஓட்டிக் குமிழி தேடினார். நடுவில் ஒரு குமிழி நின்றாலும் இரண்டு முனைகளும் பொய் சொல்லும். அதைச் சுண்டிச் சுண்டி மேலேற்றி வெளியே விட்டார். பிறகு ஒரு முனையைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு நடந்தார்; விரலை எடுக்காமல் நடந்தால்தான் தண்ணீர் சிந்தாது. முன் சக்கரம் நிற்கும் இடத்தில் ஒரு முனை, பின் சக்கரம் நிற்கும் இடத்தில் மறுமுனை. இரண்டிலும் தண்ணீர் மட்டத்துக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப்பால் அளந்தோம். 2 செ.மீ. வித்தியாசம். சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் 2.4 மீட்டர். அவர் சொன்ன அதே வாட்டம். வண்டி சுவரைப் பார்த்து நின்றால் மூக்கு அந்த அளவு தாழ்ந்து நிற்கும். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே வித்தியாசம் இல்லை. அது இருந்திருந்தால் இடத்தையே மாற்றியிருப்பேன், ஏனென்றால் படுக்கைக் கோடே சாய்ந்து தெரியும்.

வண்டியைத் தயார் செய்வதில் நான்கு விஷயம். டயர் நான்கிலும் காற்று, கதவோரச் சீட்டில் போட்டிருக்கும் அளவு. டிக்கியில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் தவிர வேறு எதுவும் இல்லை. ஸ்டியரிங் அருகே 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னச் சக்கரம் இருந்தால் அது பூஜ்யத்தில். ஓட்டுநர் இருக்கையில் சுமார் 75 கிலோ எடை. நான் வெளியே நின்று ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும், அண்ணன் அவ்வளவு நேரம் உட்கார மாட்டார் என்பதால் 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்றை இருக்கையில் ஏற்றினேன். கடையில் வாங்கி வீட்டுக்குப் போகும் வழியில் அந்த வேலையையும் பார்த்துவிட்டன. பிறகு முன்னும் பின்னும் போனட்டையும் டிக்கியையும் அமுக்கி அமுக்கி விட்டு, வண்டியை இரண்டடி உருட்டி நிறுத்தினால் சஸ்பென்ஷன் இறங்கி அமர்ந்துகொள்ளும்.

விளக்கிலிருந்து சுவருக்கு 7.5 மீட்டர். இரண்டு விளக்கிலிருந்தும் தனித்தனியே அளந்தால், வண்டி சுவருக்கு நேராக நிற்கிறதா கோணலாக நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். இரண்டும் ஒன்றாக வரும் வரை முன்னும் பின்னும் எடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. அதன் பிறகு டியூப்பின் ஒரு முனையை விளக்கின் நடுப்புள்ளிக்கு நேராகப் பிடித்து, மறுமுனையைச் சுவரில் வைத்து, தண்ணீர் நின்ற இடத்தில் பென்சில் கோடு. இது உண்மையான மட்டக் கோடு. தரையிலிருந்து 68 செ.மீ. என்று சுவரில் அளந்து குறிப்பது இங்கே உதவாது. சுவருக்கு முன்னால் ஒரு வாய்க்கால், அதற்கு அப்பால் தளம் மறுபடி உயர்ந்துவிடுகிறது.

இனிக் கணக்கு. வண்டி 0.83% மூக்கு தாழ்ந்து நிற்கிறது, 7.5 மீட்டருக்கு அது 6.2 செ.மீ. வண்டியைப் பொறுத்தவரை "நேர்" என்பது மட்டக் கோட்டுக்கு 6.2 செ.மீ. கீழே. அதிலிருந்து 1.2% தாழ்வு, அதாவது இன்னும் 9 செ.மீ. ஆக மட்டக் கோட்டுக்கு 15 செ.மீ. கீழே விளிம்பு விழ வேண்டும். வாட்டத்தைக் கவனிக்காமல் 9 செ.மீ.யிலேயே நிறுத்தியிருந்தால், சாலையில் விளக்கு கிட்டத்தட்ட நேராகவே பார்த்துக்கொண்டிருக்கும். பின் இருக்கையில் இரண்டு பேர் ஏறினாலே வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போய்விடும். வண்டியின் மூக்கு மேல்நோக்கி நிற்கும் வாட்டமாக இருந்தால் 6.2ஐக் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும். தரை முழுக்க ஒரே சரிவாகச் சுவர் வரை போகிற இடத்தில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. சுவரடித் தரையிலிருந்தே அளந்துகொள்ளலாம்.

மேஸ்திரி நூலில் நீலம் தடவி, அந்த 15 செ.மீ. கோட்டைச் சுவரில் ஒரே தட்டில் அடித்துக் கொடுத்தார். இரண்டு விளக்குக்கும் நேராக இரண்டு செங்குத்துக் கோடுகளை நான் மாஸ்கிங் டேப்பால் ஒட்டினேன். அதற்குச் சுலபமான வழி, கோடு போடும்போது வண்டியைச் சுவருக்கு மிக அருகே கொண்டுவந்து விளக்கின் நடுவைக் குறித்துக்கொண்டு, ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராகப் பின்னால் எடுப்பது.

பொழுது சாய்ந்து, ஆனால் டேப் இன்னும் கண்ணுக்குத் தெரிகிற நேரம்தான் இதற்குத் தோது. டிம்மைப் போட்டு ஒரு விளக்கை அட்டைப் பெட்டியால் மறைத்தேன். மறைப்பு விளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கட்டும். துணியை விளக்கின் மேல் போர்த்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹாலஜன் சூட்டுக்கு முன்பக்கப் பிளாஸ்டிக் தாங்காது.

இடது விளக்கு நீலக் கோட்டுக்கு 8 செ.மீ. கீழே விழுந்தது. அதாவது முப்பது மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடுகிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறோம். முப்பது மீட்டர் என்பது ஒன்றே கால் விநாடிக்குச் சற்று மேல். வலது விளக்கு நீலக் கோட்டைத் தாண்டி, பென்சில் கோட்டையும் தாண்டி 7 செ.மீ. மேலே நின்றது. சாலையில் ஐம்பது மீட்டருக்கு அப்பால் அது ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மேல் போகும். அண்ணன் சொன்ன வானம் அதுதான்.

இங்கே ஸ்க்ரூடிரைவரை எடுக்கக் கை பரபரக்கும். எடுக்கக் கூடாது. முதலில் இரண்டு கையாலும் டூமைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டூமைப் பிடித்திருக்கும் காதுகளில் ஒன்று உடைந்திருந்தாலோ போல்ட் முழுக்க இறங்காமல் இருந்தாலோ, நீங்கள் சுவரில் என்ன சரிசெய்தாலும் முதல் வேகத்தடையோடு அது போய்விடும். என் வலது டூமின் மேல் காது லேசாக ஆடியது. போல்ட்டை முறுக்கியதும் வெளிச்சம் சுவரில் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. அடுத்து பின்பக்க ரப்பர் மூடியைக் கழற்றிப் பல்பைப் பார்க்க வேண்டும். எச்4 பல்பின் தகட்டில் மூன்று காதுகள். அவை மூன்றும் அவற்றுக்கான பள்ளத்தில் உட்கார்ந்து, கம்பி ஸ்பிரிங் மேலே பூட்டியிருக்க வேண்டும். கோணலாக உட்கார்ந்த பல்பு வெளிச்சத்தின் விளிம்பையே சிதைக்கும். அதை ஃபோகஸ் கோளாறு என்று நினைத்து ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு. பல்பை எடுக்க நேர்ந்தால் கண்ணாடியை வெறும் விரலால் தொட வேண்டாம். விரலின் எண்ணெய்ப்பசை ஒட்டிய இடம் அதிகமாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும்.

ஸ்க்ரூ இரண்டு உண்டு: ஒன்று மேலும் கீழும், மற்றது இடமும் வலமும். பெரும்பாலான கார்களில் டூமின் பின்பக்கம், போனட்டைத் திறந்தால் தெரியும். என் வண்டியில் மேலிருந்து ஒரு துளை. அதில் நீளமான ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை இறக்கினால் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் முனை மாட்டும். மாட்டியது கையில் தெரியும். திருப்பும்போது சன்னமாகக் கடகடக்கும். எந்தப் பக்கம் திருப்பினால் இறங்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறுகிறது. கால் சுற்று, பிறகு சுவரைப் பார்ப்பது. இன்னொரு கால் சுற்று, மறுபடி சுவர். இறுகினால் அதோடு நிறுத்த வேண்டும். உள்ளே இருப்பது பிளாஸ்டிக். வலுக்கட்டாயமாகத் திருப்பினால் பந்து மூட்டு கழன்று, விளக்கின் உட்பகுதி தொங்கிவிடும். பிறகு புது டூம்தான்.

மேல் கீழ் முடிந்ததும் இடம் வலம். படுக்கைக் கோடும் சாய்கோடும் சந்திக்கும் முனை, அந்தந்த விளக்குக்கு நேரான செங்குத்துக் கோட்டின் மேல் இருக்க வேண்டும். சரியாக இருந்தால் இந்த ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. இடது விளக்கைத் தொடவில்லை. வலது விளக்கின் முனை வலது பக்கம் ஒரு சாண் விலகி இருந்ததால் இழுத்துவந்தேன். இழுத்ததில் உயரம் கொஞ்சம் மாறியது, அதை மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தால், சுவரில் இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள தூரமும் விளக்குகளுக்கு இடையே உள்ள தூரமும் ஒன்றாக இருக்கும். டேப்பை வைத்தே சொல்லிவிடலாம்.

பிரைட்டுக்குத் தனியாக ஒன்றும் செய்யவில்லை. எச்4இல் இரண்டு இழைகளும் ஒரே பல்பில், ஒரே ரிஃப்ளெக்டரில் இருப்பதால் டிம் சரியானால் பிரைட்டும் கூடவே சரியாகிவிடும். இரண்டுக்கும் தனித்தனிப் பல்பு இருக்கும் வண்டிகளில் சிலவற்றுக்குத் தனி ஸ்க்ரூவும் உண்டு.

சுவரில் முடிந்ததைச் சாலையில் ஒரு தடவை பார்க்க வேண்டும். சுங்கச்சாவடி வரிசையிலோ சிக்னலிலோ முன்னால் ஒரு கார் நிற்கும்போது, உங்கள் விளிம்பு அதன் டிக்கி மேல் விழ வேண்டும். பின்கண்ணாடிக்கு ஏறினால் அவருடைய ரியர்வியூ கண்ணாடியில் நீங்கள் எரிந்துகொண்டிருக்கிறீர்கள். காலியான சாலையில் இடது ஓர வெள்ளைக் கோடு வலது பக்கத்தைக் காட்டிலும் அதிகத் தூரம் தெரிய வேண்டும். எனக்கு முதல் இரண்டு இரவு வெளிச்சம் குறைந்துவிட்டது போலவே இருந்தது, புளியமரம் இருட்டிவிட்டதால். சாலையின் மேடு பள்ளம் முன்னை விடத் தெளிவாகத் தெரிவதைக் கண் ஒப்புக்கொள்ளச் சற்று நேரம் எடுத்தது.

அந்த எண் போட்ட சின்னச் சக்கரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலருக்கு அது எதற்கு என்றே தெரியாது. வண்டி வாங்கிய நாளிலிருந்து பூஜ்யத்திலேயே கிடக்கும். ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும். சரியாக வைத்த ஃபோகஸும் கூடவே தூக்கும். அதை உள்ளிருந்தே தாழ்த்தத்தான் இந்தச் சக்கரம். ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் என்றால் 0. எல்லா இருக்கையும் நிரம்பினால் 1. அதோடு டிக்கியும் நிரம்பினால் 2. ஓட்டுநர் மட்டும், டிக்கி நிறையச் சாமான் என்றால் 3. வண்டிக்கு வண்டி இது கொஞ்சம் மாறும், கையேட்டில் இருக்கும். குடும்பத்தோடு பழனிக்குப் போகும்போது எதிரே வருகிறவர்கள் பிரைட் அடித்துக் காட்டினால், ஸ்க்ரூவைத் தொடாமல் இந்தச் சக்கரத்தை ஓர் எண் ஏற்றினால் போதும்.

ஸ்க்ரூவால் ஆகாத காரியங்களும் உண்டு. எங்கள் தெருக் கல்லூரி மாணவர் ஒருவர் தன் காரையும் அதே களத்துக்குக் கொண்டுவந்தார். ஹாலஜன் டூமில் வெள்ளை எல்.இ.டி. பல்பு மாட்டியிருந்தார். சுவரில் விளிம்பே இல்லை. மேலும் கீழும் ஒரே வெள்ளைப் படலம். அந்த ரிஃப்ளெக்டர், சரியாக ஓர் இடத்தில் இருக்கும் மெல்லிய இழைக்காக வளைக்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறினால் எங்கெங்கோ தெறிக்கும். பழைய பல்பைத் திரும்ப மாட்டியதும் விளிம்பு வந்துவிட்டது. அவருக்கு வருத்தம்தான். 100 வாட் ஹாலஜன் பல்பும் அப்படியே: கூசுவதோடு, வயரையும் ஹோல்டரையும் உருக்கும். முன்பக்கப் பிளாஸ்டிக் மஞ்சளாகிப் பூத்துப்போயிருந்தாலும் வெளிச்சம் சிதறும். அதைத் தேய்த்து மெருகேற்றிவிட்டுத்தான் ஃபோகஸ் பார்க்க வேண்டும். விளக்கின் நடுவில் கறுப்புப் பொட்டு வைப்பது ஒரு காலத்தில் நம் ஊரில் கட்டாயம் போலவே நடந்தது. இன்றைய டூம்களில் அது இருக்கிற வெளிச்சத்தில் கொஞ்சத்தை மறைப்பதைத் தவிர வேறெதையும் செய்யாது. சுமைக்கேற்பத் தானாகவே ஏறி இறங்கும் எல்.இ.டி. விளக்குகள் உள்ள புதிய கார்களில் கை வைக்காதீர்கள். அவற்றைக் கணினியில் இணைத்துத்தான் பூஜ்யம் வைக்க முடியும்.

சுவரில் போட்ட கோட்டை அழிக்க வேண்டியதில்லை. டயர் அளவு மாற்றினாலும், சஸ்பென்ஷன் வேலை பார்த்தாலும், பம்பர் கழற்றினாலும், பல்பு மாற்றினாலும் மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும். சக்கரம் நிற்க வேண்டிய இடத்தையும் தரையில் குறித்து வைத்திருந்தால் அடுத்த முறை டியூப்பே தேவைப்படாது. கோட்டுக்குப் பக்கத்தில் எந்த வண்டி, எத்தனை செ.மீ. என்று எழுதிவிடுங்கள். குடோன் சுவரில் இப்போது என் காருக்கு ஒன்று, அண்ணனுடைய பொலிரோவுக்கு ஒன்று என்று இரண்டு நீலக் கோடுகள் இருக்கின்றன. பொலிரோவின் விளக்கு உயரம், சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் எல்லாமே வேறு. என் கோட்டை வைத்து அதைச் சரிசெய்தால் பாவம், அவருக்குத் தூரத்தில் எதுவும் தெரியாது.